ஒன்பதாம் இடத்தில் கலாதேவி

கலாதேவி தன் பெயரட்டையை மேசையிலிருந்த பதிவுக் கருவியில் தட்டிவிட்டு, ஷாமினியின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தயாரிப்பு லைனில் இருந்த மற்ற பதினான்கு பேருக்கும் ஒரு கணம் கை நின்றுவிட்டது. கமுந்திங்கில் இருக்கும் அந்தத் தொழிற்சாலைக்குத் தயாரிப்பு மேலாளர் அவர். மேலாளர்கள் லைனுக்கு வருவதுண்டு. முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடப்பதுண்டு. உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ஷாமினி பக்கத்தில் நின்றாள். எழுந்திருக்கச் சொன்னதுமே, இனி இந்த இடம் தனக்கில்லை என்றே நினைத்தாள்.

மூன்று நாளாக ஒன்பதாம் இடத்திலிருந்து போகும் மின்சுற்று போர்டுகள், அவற்றைச் சோதிக்கும் டெஸ்டரில் சிவப்பு விளக்கை எரியவைத்துக்கொண்டிருந்தன. மருத்துவமனையில் நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஏற்றும் கருவிக்குப் போகிற போர்டுகள். அவளுடைய வேலை அதில் ஆறு முனைகளில் ஈயத்தை உருக்கி சால்டர் வைப்பது. இதுவரை நாற்பத்தொன்று ரிஜெக்ட்.

நேற்றுக் காலைக் கூட்டத்தில் எஞ்சினியர் ஜெயபாலன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

“மெஷின்ல ஒன்னும் இல்ல. ஒன்பதாம் இடத்துல கை சரியில்ல. கவனம் வேற எங்கயோ இருக்கு.”

அப்போது யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

வெள்ளிக்கிழமையோடு அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடிகிறது. வேலை நிரந்தரமா இல்லையா என்று அன்றைக்குத்தான் கடிதம் வரும். ஆனால் கடிதத்தைவிட வேறொன்று அவளை அரித்தது. நேற்று கம்பெனி பஸ்ஸில் தைப்பிங்குக்குத் திரும்பும்போது, மழை வழிந்த கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து, தன் விரல்களையே பார்த்துக்கொண்டு போனாள். ஒருவேளை அவர் சொல்வது உண்மைதானோ என்று அவளுக்கே தோன்றத் தொடங்கியிருந்தது.

கலாதேவி நிலைமின்சாரத்தைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டையை மாட்டினார். சால்டர் வைக்கும் சூட்டுக்கோலின் முனையை ஈரப் பஞ்சில் துடைத்தார். போர்டை அசையாமல் பிடித்து நிறுத்தும் ஜிக்கில் முதல் போர்டை வைத்து, மூடியை அழுத்தினார்.

அந்தக் கையைப் பற்றித் தொழிற்சாலையில் தெரியாதவர் இல்லை. இதே லைனில் பதினோரு வருடம் சால்டர் வைத்த கை. மேலாளரான பிறகும் வருடா வருடம் ஆப்பரேட்டர்களோடு உட்கார்ந்து கைத்தேர்வு கொடுக்கிற கை. அதிலிருந்து ஒரு போர்டுகூட ரிஜெக்ட் ஆனதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

போர்டு டெஸ்டருக்குள் போனது.

சிவப்பு.

கலாதேவியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது போர்டை எடுத்தார். அதே நிதானம், ஆறு முனை, ஆறு சொட்டு.

சிவப்பு.

மூன்றாவது பச்சை. நான்காவதும் ஐந்தாவதும் மறுபடி சிவப்பு.

டெஸ்டரின் திரையில் அவர் பெயருக்கு நேராக நான்கு ரிஜெக்ட் ஏறியது. லைன் லீடர் விமலா பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஜெயபாலன், இங்க வாங்க.” கலாதேவி இரண்டு போர்டுகளை எடுத்து, பெரிதாக்கிக் காட்டும் திரைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ஒன்னு நேத்து இவ செஞ்சது. ஒன்னு இப்ப நான் செஞ்சது. எது என்னோடதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

திரையில் பன்னிரண்டு வெள்ளி முனைகள். ஒரே பளபளப்பு, ஒரே சரிவு. ஜெயபாலன் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“தெரியல, மேடம்.”

“எனக்கும் தெரியலலா.”

ஷாமினியின் கழுத்து தானாக நிமிர்ந்தது. பதினான்கு பேரும் இப்போது அவளைத்தான் பார்த்தார்கள். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. பஸ்ஸில் தான் சந்தேகப்பட்ட அந்த விரல்களை ஒன்றோடொன்று கோத்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயபாலன் பிறகு யாரும் சொல்லாமலே ஜிக்கைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டு, உள்ளே போர்டைத் தாங்கி நிற்கும் நான்கு ஊசிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தடவினார். மூன்றாவதில் விரல் நின்றது. ஊசி மயிரிழை அளவு வளைந்திருந்தது. மூடியை அழுத்தும்போதெல்லாம் போர்டு லேசாக நெளிந்து, அழகாக உட்கார்ந்த சால்டருக்கு அடியில், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

அவர் நேராக ஷாமினியிடம் வந்தார்.

“சாரி, ஷாமினி. நான் மொதல்ல ஜிக்கைப் பாத்திருக்கணும்.”

எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

கலாதேவி பட்டையைக் கழற்றிவிட்டு எழுந்தார். தன் உயரத்துக்குத் தாழ்த்தியிருந்த நாற்காலியை மறுபடி ஷாமினியின் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு, அடுத்த லைனுக்கு நடந்தார்.

டெக்னிஷியன் பவித்ரன் புது ஊசியோடு வந்து மண்டியிட்டான். ஷாமினி அவன் பக்கமாகக் குனிந்தாள்.

“என்னால கலாதேவி அக்கா பேர்ல நாலு ரிஜெக்ட் ஏறிப்போச்சுண்ணே.”

பவித்ரன் திருகை முடுக்கிக்கொண்டே சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

“இந்த ஊசி வளைஞ்சிருக்குன்னு காலைல ஆறரைக்கே அவங்ககிட்ட காமிச்சிட்டேன். மாத்தவான்னு கேட்டேன். ‘இப்ப மாத்தினா போர்டு சரியாயிரும், அந்தப் பிள்ளை மேல விழுந்த பேச்சு அப்படியே கெடக்கும். நான் உக்காந்து எந்திரிக்கிற வரைக்கும் தொடாதே’ன்னாங்க.”