தோன்றா எழுவாய்

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, டிசம்பர் பதினேழு, புதன்கிழமை, காலை ஏழே கால் மணி, பனிமூட்டம்” என்று தான் எழுதியதை வாய்விட்டுப் படித்தான் பொன்ராஜ்.

“பனியையுமாடா எழுதுவாங்க?” என்றாள் அவன் தாய் ராமுத்தாய்.

“உள்ளதைத்தானேம்மா எழுதுறேன்.”

“ஒரு மாசமா உள்ளதைத்தான் எழுதுற. தேதியைத் தாண்ட மாட்டேங்குது.”

பொன்ராஜ் திண்டுக்கல்லில் தமிழாசிரியன். சொல்லை நிறுத்துப் பார்க்காமல் தாளில் வைப்பதில்லை. சன்னலுக்கு வெளியே, சிறுமலை இருக்க வேண்டிய இடத்தில் அன்று மலை இல்லை, வெண்மைதான் இருந்தது. வாசலில் நின்ற குதிரைவண்டிக்குச் சக்கரங்கள் இல்லை. குதிரைக்குக் கால்கள் இல்லை. பனி அவற்றை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. நிலைப்படி ஓரமாக ஒரு தகரப் பெட்டி, பயணத்துக்குத் தயாராக இருந்தது.

மலாயாவில் அநாதைக் குழந்தைகள் இல்லம் நடத்தும் ஸ்தனிஸ்லாஸ், விடுமுறையில் ஊருக்கு வந்தபோது இந்த வீட்டில் ஓர் இரவு தங்கியிருந்தார். அன்று பக்கத்து வீட்டுக் குழந்தையும் இங்கேதான் தூங்கியது. திரும்பிப் போனதும் எழுதினார்: “உங்கள் வீட்டில் கேட்ட தமிழ் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. இங்கே இருப்பவர்கள் ரப்பர்த் தோட்டங்களில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள். அந்தத் தமிழ் இவர்களுக்கும் வேண்டும். மூன்று ஆண்டுகள். சம்பளம் கிடையாது, சோறும் படுக்கையும் உண்டு. சம்மதமானால் எழுத்தில், வீட்டார் கையொப்பத்தோடு வேண்டும்.”

கப்பல் சீட்டு வந்துவிட்டது. கையொப்பம்தான் இன்னும் விழவில்லை.

“அங்கயும் இப்படிப் பனி இறங்குமா?” என்று கேட்டாள் ராமுத்தாய்.

“மழைதாம்மா. சாயங்காலமானா தகரக் கூரையில கொட்டுமாம்.”

“நான் கனாவுல பனியைத்தான் கண்டேன். வரிசை வரிசையா மரம். நடுவுல பிள்ளைக. மூஞ்சி தெரியல. ‘வா, வா’ன்னு குரல் மட்டும் கேக்குது.”

“யாரைக் கூப்பிட்டாங்க?”

“பேரு சொல்லலடா.”

வண்டிக்கார அப்பாஸ் உள்ளே எட்டிப் பார்த்தான். “வாத்தியாரே, திருச்சி ரயிலு நமக்காக நிக்காது. செத்த நேரத்துல வடமதுரையைத் தாண்டிப் போயிரும்.”

“ஒரு வரிதான் அப்பாஸ்.”

“நேத்தும் இதைத்தான் சொன்னீக.” அவன் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். “ஏன் ராமுத்தாயக்கா, மூணு வருசம்னா சும்மாவா? யாரு சோறாக்கிப் போடுவா?”

“உலை வைக்கத் தெரியாதா என்ன? ரசமும் சொல்லிக் குடுத்தாச்சு. கையைச் சுட்டுக்காம இருந்தாச் சரி.”

“கல்யாணத்தை முடிச்சிட்டுப் போனா என்ன?”

“பொண்ணு அமையிற வரைக்கும் அந்தப் பிள்ளைக தூங்காம முழிச்சிருக்கணுமா?”

அப்பாஸ் பெட்டியைத் தட்டினான். “எங்க அண்ணன் பினாங்குக்குக் கப்பல்ல போனான். நாகப்பட்டினத்துல ஆரம்பிச்ச வாந்தி, இறங்குற வரைக்கும் நிக்கல. பாதி ஆளாத்தான் போய்ச் சேர்ந்தான்.”

“நல்லா தைரியம் சொல்ற, போ!”

பொன்ராஜ் சிரிக்கவில்லை. “அவர் கேட்டாருங்கிறதுக்காகப் போகணும்னு இல்லையேம்மா.”

“கேட்டுப்புட்டுச் சும்மா உக்காந்திருக்கவும் முடியலையேடா.”

அவன் பேனாவை மையில் தோய்த்து, எழுதினான்: ‘மலாயா இல்லத்துக்குப் போகச் சம்மதம்.’ எழுதியதைப் படித்தான்.

“அம்புட்டுத்தானே? கையெழுத்தைப் போடுங்க” என்று எழுந்தான் அப்பாஸ்.

“வாக்கியத்துல எழுவாய் இல்லை.”

“அது எந்தக் கடையில கிடைக்கும்? ஓடிப் போயி வாங்கியாறேன்.”

“கடையில கிடைக்காது. தோன்றா எழுவாய்னு பேரு. வெளியில தெரியாது, உள்ளே இருக்கும்.”

“உள்ளதான் இருக்குதுல்ல? இருந்துட்டுப் போகட்டும், வாத்தியாரே!”

“பேச்சுல இருக்கலாம். கையெழுத்துப் போடுற தாளுல இருக்கக் கூடாது.”

பேனா அந்தரத்தில் நின்றது. அதன் நுனியில் ஒரு துளி மை திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. வெளியே குதிரை ஒருமுறை மூச்சுவிட்டது. பனி சற்றே அசைந்து மீண்டும் மூடிக்கொண்டது.

ராமுத்தாய் மகனின் அருகே வந்து உட்கார்ந்தாள்.

“பயமா இருக்கா அப்பு?”

“பயம் இல்லைம்மா. சாயங்காலத்துல வீடு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன்.”

“விளக்கேத்துனா வீடாத்தான் இருக்கும்.”

அதற்கு மேல் அவன் சொல்லை நிறுத்துப் பார்க்கவில்லை. குனிந்தான். ‘போக’ என்பதை அடித்து, ‘போய்வர’ என்று திருத்தினான். போகும் காரணத்தையும் விடுபட்டிருந்த எழுவாயையும் அவற்றின் இடத்தில் சேர்த்தான். கீழே கையொப்பமிட்டு, மை உலரும்வரை ஊதினான்.

“மணி அடிச்சிருவான்!” என்று வாசலிலிருந்து கத்தினான் அப்பாஸ்.

ராமுத்தாய் தகரப் பெட்டியைத் திறந்தாள். பெட்டி நிறைய அவளுடைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பொன்ராஜ் இரு கைகளாலும் தாளை அவளிடம் நீட்டினான்: ‘மலாயா இல்லத்துப் பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாட, என் தாயார் ராமுத்தாய் போய்வரச் சம்மதம்.’