கால் நனைச்சிட்டுப் போ

"கேட்டைத் திறடி! எவ்வளவு நேரமா கத்தறேன்!"

தங்கை வாத்துக் கொட்டகை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். திறக்க வரவில்லை.

"அங்கேயே நில்லுக்கா. உள்ளே வராதே."

அக்காவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. போனில் சொன்னால் ஆகாது, முதலில் இவளிடம்தான் நேரில் சொல்ல வேண்டும் என்று பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

"என்னடி விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லக்கா. வாத்துக்கு நோய் பரவுற காலம். யாரையும் உள்ளே விடறதில்ல."

"அப்போ நானும் யாரோவா?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்காவும் வாத்து வளர்க்கிறவள்தான். நோய்க்காலத்தில் தீவன வண்டியை அவளும் வெளியேதான் நிறுத்துவாள், முட்டை வாங்க வருகிறவர்களையும்தான். அதற்காகக் கூடப் பிறந்தவளையுமா?

"என் வாத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் கால்ல எதுவும் ஒட்டிக்கிட்டு வரல. போதுமா?"

"தயவுசெஞ்சு போக்கா."

கம்பி வலையைப் பிடித்தபடி நின்றாள் அக்கா. கண்ணில் நீர் முட்டியது.

அவர்கள் வளர்ந்தது அம்மா இல்லாத வீட்டில். அப்பாவின் வாத்துப் பண்ணையில் விடிந்தும் விடியாத நேரத்தில் இரண்டு பேரும் வைக்கோலைக் கிளறி முட்டை தேடுவார்கள். கிடைத்த சூடான முட்டையைத் தங்கை உடனே கூடையில் வைக்கமாட்டாள். கன்னத்தில் ஒற்றிக் கண்ணை மூடிக்கொள்வாள். "இந்தக் கன்னத்துக்கும் ஒண்ணு குடுக்கா" என்பாள். ஆண் வாத்து துரத்தினால் அக்காவின் பாவாடைக்குப் பின்னால்தான் ஒளிவாள்.

இவள் தனியாகப் பண்ணை போட்டபோது முதல் குஞ்சுகளை மடியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கியதும் அக்காதான். சூட்டு விளக்கடியில் குஞ்சுகளோடு குஞ்சுகளாக இரண்டு பேரும் படுத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு!

அந்தப் பண்ணைக்குள்தான் இன்று கால் வைக்கக் கூடாதாம்.

"நம்ம பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

தங்கையின் முகம் மலர்ந்தது. ஓடி வரப்போகிறவள் மாதிரி ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"சந்தோஷம்க்கா. நல்லா நடக்கட்டும்."

"அவ்வளவுதானா?"

"கேட்டுக்கு வெளியே தட்டுல மருந்துத் தண்ணி இருக்கு பாரு. செருப்போட கால் நனைச்சிட்டுப் போ."

"அது உள்ளே வர்றவங்களுக்குடி! நீ விரட்டி விடறவளுக்கு எதுக்கு?"

"சண்டை வேண்டாம்க்கா. எனக்காக நனைச்சிட்டுப் போ."

தட்டே உடைகிற மாதிரி இரண்டு காலாலும் ஓங்கி மிதித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள் அக்கா.

பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடவுளே, இவள் நன்றாக இருக்க வேண்டும் என்று உன்னிடம் எத்தனை வேண்டியிருப்பேன்! வாத்து பெரிதாகப் போய்விட்டதே இவளுக்கு! இருக்கட்டும். கல்யாணத்துக்கு அவள் வரவே வேண்டாம்.

வீட்டு வாசலில் கால்நடை டாக்டர் ஐஸ் பெட்டியுடன் காத்திருந்தார்.

"வாங்கம்மா. உங்க வாத்துக்கெல்லாம் தடுப்பூசி போடணும்."

"நான் கூப்பிடலையே சார்?"

"உங்க தங்கச்சிதான் காலையில போன் பண்ணாங்க. அவங்க பண்ணையில வாத்து பிளேக் வந்துடுச்சு. வைரஸ் நோய்ம்மா, காட்டுத்தீ மாதிரி பரவும். பாதிக்கு மேல செத்துப்போச்சாம். மிச்சமும் தேறுமான்னு தெரியல. 'முதல்ல அக்கா வீட்டுக்குப் போங்க, அப்புறம் இங்கே வந்தா போதும்'னாங்க. அங்கே போயிட்டு இங்கே வந்தா நானே நோயைக் கொண்டுவந்த மாதிரி ஆயிடும் இல்லையா?"

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அங்கேதான் போயிட்டு வர்றேன் சார்... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா என்னவாம் அவளுக்கு?"

டாக்டர் பெட்டியைத் திறந்தபடியே சொன்னார்:

"நானும் கேட்டேன்மா. 'சொன்னா, அக்கா அவ வாத்துங்களையெல்லாம் மறந்துட்டு என்னைக் கட்டிப் பிடிச்சு அழ உள்ளே ஓடி வந்துடுவா'ன்னாங்க."