பாலத்து மேலே ஒரு புள்ளி

“இப்ப எங்கே இருக்கே?” ஆபீஸ் படிக்கட்டில் நின்று போனில் கேட்டாள் அவள்.

“லைப்ரரியில.”

“புளுகாதே! என் போன் மேப்புல உன் புள்ளி பாலத்து மேல நகருது. லைப்ரரி என்ன, ஆத்துல மிதக்குதா?”

மறுமுனையில் சிரிப்பு. “சாயங்காலம் இந்தப் பாலம் அவ்வளவு அழகு. கொஞ்சம் நடந்துட்டுப் போயிடறேன்.”

“நேத்து பழைய புத்தகக் கடைத் தெரு, முந்தாநாள் துறைமுகம். கடல் தாண்டிப் போனது படிக்கவா, ஊர் சுத்தவா? திங்கட்கிழமை பரீட்சை! ஃபெயிலானா சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிக்கிறது? வீட்ல எல்லார்கிட்டயும் சண்டை போட்டு உன்னை அனுப்பி வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

“முடிச்சிட்டியா?”

“இல்ல. ஒழுங்கா நேரே ரூமுக்குப் போ!”

“போறேன்டி. உன்னை ஸ்கூலுக்கும் டியூஷனுக்கும் கூட்டிட்டு அலைஞ்சே என் கால் தேஞ்சுது. அத்தனை வருஷத்துல ஒரு நாளாவது எனக்குப் பிடிச்ச தெருவுல திரும்பியிருக்கேனா?”

மகள் போனை வைத்துவிட்டு மேப்பைப் பார்த்தாள். அம்மாவின் புள்ளி பாலத்தைக் கடந்து, ஒரு கணம் நின்று, ரூமுக்கு எதிர்த்திசையில் திரும்பியது.