தலைப்பிரட்டைக் கேள்வி

"தீனி பத்தலைன்னு மட்டும் சொல்லித் தொலைக்காதே. தீனி எல்லாத்துக்கும் சமமாத்தான் போடுறோம். மறுபடி யோசி!"

நீலப் புடவைக்காரி போட்ட அதட்டலில், கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அட்டெண்டரே ஒரு கணம் நிமிர்ந்துவிட்டார்.

பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் அன்று ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்காணல். இருப்பது ஒரே ஒரு இடம், அழைப்பு போனது எட்டுப் பேருக்கு. ஆறு பேர் உள்ளே போய்விட்டு, முகம் தொங்கி வெளியே வந்து, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கிப் போயாகிவிட்டது. பெஞ்சில் மிச்சம், ஏழாம் நம்பர் பெண்ணும் அவளை விடாமல் வறுத்தெடுத்துக்கொண்டிருந்த இந்த நீலப் புடவைக்காரியும்தான்.

துணைக்கு வந்தவர்கள் கீழ்த்தளத்தில் காத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. அட்டெண்டர் இந்தத் துறைக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. புது இடத்தில் எதற்கு வம்பு என்று விரட்டத்தான் நினைத்தார். ஆனால் தோளில் தொங்கும் சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், குடை, கையிடுக்கில் ஃபைல்கள் என்று அந்த அம்மாள் சுமந்து வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும், போனால் போகிறது என்று விட்டுவிட்டார்.

"இடம் பத்தலையோ, அண்ணி?" என்றாள் பெண், நகத்தைக் கடித்தபடி.

"கையை எடு வாயிலேர்ந்து. ரெண்டு தொட்டி. ஒண்ணுல ஒரே ஒரு தலைப்பிரட்டை, இன்னொண்ணுல ஐம்பது. கூட்டத்துல இருக்கிறது வளர மாட்டேங்குது. இடமும் காரணமா இருக்கலாம், தண்ணியும் காரணமா இருக்கலாம். எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

பெண்ணின் விரல் மறுபடி வாய்க்குப் போனது. அண்ணி அதைத் தட்டிவிட்டாள்.

"ஐம்பது இருந்த தொட்டித் தண்ணியை மட்டும் எடு. அதுல தனியா ஒண்ணை விடு. இடம் தாராளம், தீனியும் இருக்கு. அப்பவும் வளரலைன்னா?"

"தண்ணியிலதான் கோளாறு! கூட்டமா இருக்கிறப்போ அதுங்களே எதையோ தண்ணியில விடுது!"

"அப்பாடா, ஒரு வழியா மண்டையில ஏறிச்சு!"

உள்ளே மணி அடித்தது. "ஏழு!" என்றார் அட்டெண்டர். நீலப் புடவைக்காரி பெண்ணின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, முதுகில் தட்டி உள்ளே அனுப்பினாள்.

அட்டெண்டருக்கு வாய் சும்மா இருக்காது. "நாத்தனாருக்கா இந்தப் பாடு படுறீங்க? என் தங்கச்சி வர்றான்னாலே என் சம்சாரத்துக்குத் தலைவலி வந்துடும்."

அவள் சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளே இவதாங்க. நான் கல்யாணமாகி வந்தப்போ தவளையைக் கண்டா கட்டில் மேல ஏறிக்குவா. இப்ப பாருங்க!"

"அதென்ன, தலைப்பிரட்டையாவே போட்டுக் குடையிறீங்க?"

"போன வருஷம் இதே ரூம்ல அதைத்தான் கேட்டாங்க. பதில் தெரியாம வெளியே வந்தாச்சு. அப்புறம்தான் சமையல்கட்டு ஜன்னல்ல தொட்டி வெச்சு நாங்களே வளர்த்துப் பார்த்தோம். எங்க வீட்டுக்காரர் ஒருநாள் அதுலேயே கையைக் கழுவிட்டார். மனுஷனை ஒரு வாரம் அந்தப் பக்கமே விடலையே!"

பாதி திறந்திருந்த கதவு வழியே பேராசிரியரின் குரல் கேட்டது. "ரெண்டு தொட்டியில தலைப்பிரட்டை வளர்க்கிறோம்னு வெச்சுக்கோம்மா..."

"அட, கேட்டே விட்டாரே!" என்று அட்டெண்டர் துள்ளினார். "உஸ்!" என்று அவரை அடக்கிவிட்டு, அவள் கதவோரம் காதை வைத்தாள்.

பெண் முதலில் தடுமாறினாள். பிறகு குரல் நிதானப்பட்டது. கூட்டத்தின் தண்ணீரை எடுப்பது, அதில் ஒன்றைத் தனியாக விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "பக்கத்துலேயே நல்ல தண்ணியில இன்னொண்ணை விடணும் சார். ஒத்துப் பார்க்காம எதையும் முடிவு பண்ணக் கூடாது."

"சபாஷ்!"

நீலப் புடவைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களா? அந்தக் கடைசிப் பேச்சு நான் சொல்லித் தந்தது இல்லீங்க. அவளா சொன்னா!" அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெளியே ஓடிவந்து அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள் பெண். "அண்ணி! அதே கேள்வி!"

"சீட்டு உனக்குத்தாம்மா, எழுதி வெச்சுக்கோ," என்றார் அட்டெண்டர் சந்தோஷமாக. "எட்டாம் நம்பர் ஆளு இன்னும் வந்தே சேரலை. வராமலே போயிட்டா தொல்லை விட்டுது."

மணி அடித்தது. முறைக்குக் கூப்பிட வேண்டுமே என்று, அவர் படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எட்டு! எட்டாம் நம்பர் யாருங்க?"

படிக்கட்டில் ஈ, காக்காய் இல்லை. திரும்பினால், அந்தப் பெண் அண்ணியின் தோளிலிருந்து சாப்பாட்டுப் பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "பதறாம சொல்லுங்க அண்ணி. இந்தத் தடவை உங்களை அசைக்க முடியாது."

"நான்தாங்க எட்டு," என்றாள் நீலப் புடவைக்காரி, தன் ஃபைலை உருவிக்கொண்டு.

அட்டெண்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா இது? இருக்கிறதே ஒரே சீட்டு! போட்டிக்கு வந்தவளுக்கே பதிலைச் சொல்லிக் கொடுத்துட்டீங்களே?"

"சொல்லித்தானே கொடுத்தேன், விட்டுக் கொடுக்கலையே!" என்று சொல்லிவிட்டு, அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.