கேள்விகள் கடைசியில்

“என் சம்சாரத்தையே எடுத்துக்குங்க. ஒருத்தன் போன் பண்ணினான். அடுப்புல பால் பொங்குது. ஒரு கையில கரண்டி, ஒரு கையில என் கார்டு. பதினாறு நம்பரையும் பாட்டு மாதிரி ஒப்பிச்சுட்டா!”

குடியிருப்பின் பொது ஹால் சிரிப்பில் குலுங்கியது.

மைக்கைப் பிடித்திருந்தவர் மூன்றாம் மாடிக்காரர். வங்கியில் வாடிக்கையாளர் பாதுகாப்பு அதிகாரி. மைக் கிடைத்தால் மனிதருக்குப் பசி, தாகம் கிடையாது.

“அதோட விட்டாளா? கார்டுக்குப் பின்னாடி இருக்கிற மூணு நம்பர். அப்புறம் போனுக்கு வந்த ஓ.டி.பி. எல்லாத்தையும் கொடுத்துட்டு, ‘வேற ஏதாவது வேணுமா சார்’னு கேட்டிருக்கா!”

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. அங்கே உட்கார்ந்திருந்த சம்சாரம் தானும் கொஞ்சம் சிரித்துவைத்தாள்.

“படிச்ச பொம்பளை, இப்படியா வாயைக் கொடுப்பா?” என்றார் இரண்டாம் மாடிக்காரர், அவள் காதில் விழும்படியே.

போன மாதம் பக்கத்துத் தெருவில் அதிகாரி பேசியபோது கரண்டி மட்டும்தான் இருந்தது. பால் இந்த மாதம்தான் பொங்கியது. கதை வளர வளர அவளுடைய சொந்தப் பெயர் தேய்ந்துபோய், லிஃப்டிலும் மளிகைக் கடையிலும் அவள் ‘ஓ.டி.பி. அக்கா’ ஆகி ஒரு வருடம் ஆகிறது. பாவம்தான். ஆனாலும் நம்பரைக் கொடுத்தது அவள் தப்புத்தானே?

முன்வரிசை ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது. தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருப்பவள். கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

“சார், ஒரு சந்தேகம். கொஞ்சம் அவசரம்...”

“கேள்விகள் கடைசியில்மா. முதல்ல காது கொடுத்துக் கேளுங்க.”

கை இறங்கியது.

“யார் ஏமாறுறா? படிக்காதவங்களா? இல்லை. மூளையை அடகு வச்சவங்க!”

கைதட்டல். தையல்காரி டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு யாரையும் பார்க்காமல் எழுந்து வெளியே போனாள்.

ஓ.டி.பி. அக்காவும் எழுந்தாள்.

“எங்க கிளம்பிட்டே? உனக்காகத்தானே இன்னும் பதினேழு ஸ்லைடு வச்சிருக்கேன்!” என்றது மைக்.

மறுபடியும் சிரிப்பு.

தண்ணீர் மோட்டார் அறை வாசலில் தையல்காரி அழுதுகொண்டிருந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா.”

“என்கிட்டயே மறைக்கிறியா? இந்த விஷயத்துல என்னைவிட சீனியர் இந்தக் கட்டடத்துல யாரு இருக்கா?”

அழுகைக்கு நடுவே தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விஷயமும் வந்தது.

“காலையில ஒருத்தன் போன் பண்ணினான்க்கா. கார்டு இன்னையோட செல்லாது, புதுப்பிக்கணும்னான். கேட்டதெல்லாம் சொல்லிட்டேன். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் வாங்க மூணு வருஷமா சேர்த்தது. பாதி போயிடுச்சு.”

“மீதி?”

“கணக்குலதான் இருக்கு.”

“கார்டை முடக்கிட்டியா?”

“எப்படின்னு தெரியலையே. சார்கிட்ட கேட்கத்தான் வந்தேன். அவர் பேசினதைக் கேட்ட பிறகு வாய் வரல. சொன்னா அடுத்த மாசக் கதையில நானும் இருப்பேன். மானம் கப்பலேறிடும்க்கா.”

“மானம் அடுத்த கப்பல்ல திரும்பி வந்துடும். பணம் வராது. கார்டை எடு.”

தையல்காரி எடுத்து நீட்டினாள்.

“என்கிட்ட நீட்டாதே! இனிமே யார்கிட்டயும் நீட்டாதே. பின்பக்கம் திருப்பு. அந்த மூணு நம்பரைக் கட்டைவிரலால மறைச்சுக்கோ. கீழே உதவி எண் இருக்கா? அதுக்குப் போன் பண்ணு. நெட்ல தேடினா அங்கேயும் ஒரு திருடன் கடை விரிச்சிருப்பான்.”

மறுமுனையில் மணி அடித்தது. அக்கா கிசுகிசுத்தாள்.

“முதல்ல கார்டை முடக்கச் சொல்லு. அப்புறம் எத்தனை மணிக்கு எவ்வளவு போச்சுன்னு சொல்லு. அழாம பேசு. புகார் எண் கேட்டு எழுதிக்கோ.”

பேனா இல்லை. தையல்காரி, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை இடுப்பிலிருந்து எடுத்தாள். புகார் எண் மோட்டார் அறைக் கதவில் ஏறியது.

கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. மீதிப் பணம் தப்பியது. போன பாதியை விசாரிக்கிறோம் என்றார்கள்.

“நாளைக்குப் போலீஸ்லயும் எழுதிக் கொடுக்கட்டுமாக்கா?”

“நாளைக்கு என்ன, நல்ல நாள் பார்க்கவா போறே? இப்பவே கிளம்பு. நானும் வர்றேன்.”

உள்ளே பலத்த கைதட்டல். “இப்போ கேள்விகள் கேட்கலாம்!” என்று மைக் அழைத்தது. யாருக்கும் கேள்வி இல்லை.

தையல்காரிக்கு மட்டும் ஒன்று இருந்தது.

“அக்கா, இவ்வளவு விவரமா இருக்கீங்க. நீங்க போய் எப்படிக்கா ஏமாந்தீங்க? என்ன சொல்லி நம்பரை வாங்கினான்?”

அக்கா ஹால் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“யார்கிட்டயும் மூச்சு விடாதே. தெரிஞ்சா அவர் வேலைக்கே வேட்டு வச்சிடுவாங்க. ‘கார்டு பாதுகாப்பைப் பத்திப் பேசுறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லை, சிறந்த பேச்சாளர் விருது தர்றோம், பதிவு பண்ண கார்டு நம்பர் மட்டும் போதும்’னு சொன்னான். நீயே சொல்லு, எனக்கு யாரும்மா அந்த விருதைத் தருவா?”