செயப்படுபொருள்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை பத்து இருபது. விடாத தூறல்.

மலேசியாவில் கோலா சாவாவை அடுத்த செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தில், தொழிற்சங்கம் அனுப்பிய மொழிபெயர்ப்பாளர் மாதவி டீச்சர் ஓர் ஆங்கில வாக்கியத்தை மூன்றாம் முறையாகப் படித்தார்.

டிராக்டர் ஓட்டுநர் கணேசமூர்த்தியின் வாக்குமூலம் அது. சரிவில் வண்டி உருண்டோடியதில், டிரெய்லரில் அமர்ந்திருந்த பஞ்சாலை என்ற பெண் தொழிலாளி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார்.

கணேசமூர்த்திக்கு இருபத்திரண்டு ஆண்டு வேலை, கம்பெனி வீடு. இரண்டும் இன்றைய முடிவைப் பொறுத்தவை.

கணேசமூர்த்தி சொன்னது: "பஞ்சாலையக்கா வுழப் போச்சு, கிளச்சப் புடிச்சேன்."

தோட்டத்து எழுத்தரான கிராணி அதை ஆங்கிலமாக்கியபோது, கடைசி இரண்டு சொற்களும் 'clutched' என்ற ஒரே வினைச்சொல்லாகிவிட்டன.

ஆங்கிலத்தில் கிளச் பெயர்ச்சொல்லானால், ஓட்டுநரின் காலடியில் இருக்கும் கருவி. வினையானால், இறுகப் பற்றுதல். காலால் மிதிப்பதையும் 'பிடிப்பது' என்பது நம் ஓட்டுநர்களின் வழக்கம்.

இறுகப் பற்றினார், சரி. எதை? வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை. படிக்கிறவர் அந்த இடத்தில் பஞ்சாலையை வைத்துக்கொள்வார்.

வேற்றுப் பெண்ணை இறுகப் பற்றியவர் என்று ஒருவருடைய பெயர் கம்பெனிக் கோப்பில் கிடக்கலாமா?

"ரெண்டும் புடிக்கிறதுதான்லா, டீச்சர்," என்றார் கிராணி.

மாதவி பேனாவின் மூடியை அழுத்தி மூடினார்.

"விடுங்க டீச்சர். அப்படியே இருக்கட்டும்," என்றார் கணேசமூர்த்தி, தரையைப் பார்த்தபடி.

தன் பெயர் கெடுவதுகூடப் புரியாதவருக்காக வாதாட வேண்டியிருக்கிறது.

மாதவி, தமிழ் தெரியாத தோட்ட மேலாளரிடம் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் பிரித்து விளக்கினார். தாளில் பெடலை வரைந்தும் காட்டினார். மேலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால், இவர் அந்த அம்மாவைப் பிடிக்கவில்லையா?"

"தொடவே இல்லை."

"சரிவில் கிளச்சைப் பிடித்தால் எஞ்சினின் பிடி விட்டு வண்டி தானாக உருண்டுவிடுமே. பிரேக்கை மிதிக்கவில்லையா?"

மாதவி கேள்வியைத் தமிழில் சொன்னார்.

கணேசமூர்த்தி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொண்டார்.

மேலாளர் கோப்பிலிருந்து, ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்த ஒரு தாளை எடுத்துக் குறுக்கே கோடிட்டார். எதிர்ப்புறம் இருந்த மாதவிக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. விழுந்தவரைக் காப்பாற்றப் பற்றிப் பிடித்த ஓட்டுநருக்கு நிர்வாகத்தின் பாராட்டு. நடவடிக்கை தேவையில்லை.

பிறகு அவர் புதிய தாளில் நான்கு வரிகள் எழுதினார். திருத்தப்பட்ட வாக்குமூலத்தின்படி, என்று அது தொடங்கியது.

கையெழுத்திட்டார். முத்திரை வைத்தார்.

தாளைக் கணேசமூர்த்தியிடம் நீட்டவில்லை. மொழிபெயர்த்துச் சொல்வதற்காக மாதவியிடம் நீட்டினார்.