விஷ அம்பும் கடைவாய்ப் பல்லும்

மீசைக்காரரின் கடைவாயில் ஊசி போட்டாகிவிட்டது. மரத்துப்போகப் பத்து நிமிடம் ஆகும். பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாகவும் பத்து நிமிடம்தான்.

“அஞ்சு மணிக்குப் போன்ல தொடர்கதையோட கடைசி அத்தியாயம் வரும், சிஸ்டர். போன வாரம் பட்டத்து இளவரசன் நெஞ்சுல விஷ அம்பு. அதுலேர்ந்து எனக்குச் சோறே இறங்கல.”

நர்ஸ் சிரித்தாள். “கதைதானே டாக்டர்!”

“அவன் மட்டும் சாகட்டும். அதைப் புனைபெயர்ல எழுதுற அம்மா என்னைக்காவது இந்த நாற்காலிக்கு வராமலா போயிடுவாங்க? ஊசியே போடாம அத்தனை பல்லையும் புடுங்கிடுவேன்!”

மீசைக்காரர் “ங்ங்...” என்று அலறி எழுந்து உட்கார்ந்தார். போனை எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் படபடவென்று எதையோ தட்டினார்.

“ஐயோ, உங்களைச் சொல்லல சார்! வீட்டுக்கு மெசேஜா? அனுப்பிட்டுச் சாஞ்சுக்குங்க.”

ஐந்து மணிக்கு டாக்டரின் போன் சிணுங்கியது. ஓடிப்போய்ப் படித்தவள் துள்ளிக் குதித்தாள்.

“பொழச்சுட்டான் சிஸ்டர்!”

“யாரு காப்பாத்துனா?”

டாக்டர் உரக்கப் படித்தாள். “அரண்மனைப் பல் வைத்தியர் ஓடோடி வந்து, துளிகூட வலி தெரியாமல் அம்பைப் பிடுங்கி எடுத்தார்...”

குரல் தேய்ந்தது. மெல்லத் திரும்பினாள்.

மீசைக்காரர் கோணிப்போன வாயோடு கைகூப்பினார்.